ஹெட்லைட் விட்டு விட்டு எரியுதா? பர்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்பானரை எடுங்க

வழக்கமா இங்கே எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், கார் லோன்னு பேசுவோம். இன்னைக்கு ஹெட்லைட். "பணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்காதீங்க. 9,500 ரூபாய் சம்பந்தம் இருக்கு. அதுக்கு மேல ஒரு உயிரும் சம்பந்தப்பட்டிருக்கு.

இந்த வருஷம் தை அஸ்தத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு கூரம் போயிருந்தேன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர், கூரத்தாழ்வார் அவதரிச்ச ஊர். ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல சேவிச்சுட்டு, பிரசாதம் வாங்கிட்டுத் திரும்ப ராத்திரி எட்டரை ஆயிடுச்சு. ரெண்டு பக்கமும் வயல், தெருவிளக்கு கிடையாது, லேசான பனி. என் கார் செகண்ட் ஹேண்ட். பழைய ஓனர் வெள்ளை வெளேர்னு ஒரு ஜெனான் லைட் செட்டை மாட்டியிருந்தார். அது ஆறு மாசமாவே கண் சிமிட்டிக்கிட்டுதான் இருந்தது. அன்னைக்கு ஒரு வளைவுல வைப்பரையும் டீஃபாகரையும் ஒண்ணா போட்டேன். இடது பக்க லைட் ரெண்டு தடவை துடிச்சுது. அப்புறம் ரெண்டுமே அணைஞ்சு போச்சு.

எவ்வளவு நேரம்? ஒரு செகண்ட், மிஞ்சிப்போனா ஒன்றரை. 50 கிலோமீட்டர் வேகத்துல ஒரு செகண்டுக்கு 14 மீட்டர் போவோம். லைட் திரும்பி வந்தப்போ எதிர்ல ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல்., ரோட்டோரத்துல மண்ணுல இறங்கி நிக்குது. வண்டியில அறுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர். பின்னாடி வெள்ளைத் துணியில சுத்திக் கட்டின பட்டுப் பாவு. நெசவாளர்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. அந்தப் பாவு சேத்துல விழுந்திருந்தா அவருக்கு எத்தனை வாரக் கூலி போயிருக்கும்னு காஞ்சிபுரத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இறங்கி ஓடினேன். "மன்னிச்சுக்கோங்க ஐயா, லைட் திடீர்னு போயிடுச்சு"ன்னேன். அவர் கோபப்படலை. கண்ணைக் கசக்கிக்கிட்டே சொன்னார்: "லைட்டு போனதுல ஒண்ணும் இல்ல தம்பி. அப்பதான் ரோடே தெரிஞ்சுது. உங்க லைட்டு எரிஞ்சப்பதான் எனக்கு ஒண்ணுமே தெரியல. அதான் ஓரங்கட்டினேன்."

ஆறு மாசமா லைட் ஏன் அணையுதுன்னுதான் நான் காசு செலவு பண்ணிக்கிட்டு இருந்தேன். எரியறப்போ என்ன ஆகுதுன்னு யோசிக்கவே இல்லை.

முதல்ல என் கணக்கைச் சொல்லிடறேன், வெட்கமா இருந்தாலும். லைட் சிமிட்ட ஆரம்பிச்சதும் ஒரு ஆக்சசரீஸ் கடையில "பேட்டரி வீக் சார்"னாங்க. 4,800 ரூபாய்க்குப் புது பேட்டரி. ரெண்டு வாரம் நல்லா இருந்த மாதிரி ஒரு பிரமை. அடுத்து "பேலஸ்ட் போயிடுச்சு"ன்னாங்க. ஜோடி 2,200. அப்புறம் "உங்க வண்டிக்கு கேன்பஸ் டீகோடர் வேணும்"னாங்க, 1,400. மூணு தடவைக்கும் சேர்த்துக் கூலி 1,100. ஆக மொத்தம் 9,500. லைட் அப்பவும் சிமிட்டுச்சு. சரியான ஷேர்தானான்னு பார்க்காம, விலை இறங்க இறங்க "ஆவரேஜ் பண்றேன்"னு வாங்கிக் குவிக்கிறவங்களைப் பார்த்து நம்ம சேனல்ல எத்தனை தடவை சிரிச்சிருப்பேன்! அதே வேலையைத்தான் நானும் பண்ணியிருக்கேன்.

சரி, ஏன் சிமிட்டுது? இதைப் புரிஞ்சுக்கிட்டா கடைக்காரர் சொல்றதுல எது சரி, எது கதைன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

சாதாரண ஹாலோஜன் பல்புக்குள்ள ஒரு டங்ஸ்டன் இழை. கரண்ட் போனா சூடாகி எரியும், அவ்வளவுதான். வோல்ட் குறைஞ்சா மங்கலா எரியும், அணையாது. ஜெனான் அப்படி இல்லை. அதுல இழையே கிடையாது. ரெண்டு முனைக்கு நடுவுல மின்வில் ஒண்ணு எரியுது. அதை ஆரம்பிச்சு வைக்க 20,000 வோல்ட்டுக்கு மேல ஒரு உதை வேணும். எரிய ஆரம்பிச்ச பிறகு சுமார் 85 வோல்ட். உங்க கார் கொடுக்கிறதோ 12-லிருந்து 14 வோல்ட். நடுவுல இருந்து இதை மாத்திக் கொடுக்கிற பெட்டிதான் பேலஸ்ட்.

இந்தப் பேலஸ்ட் ஈ.எம்.ஐ. மாதிரி. சம்பளம் குறைஞ்சிடுச்சுன்னு ஈ.எம்.ஐ. குறையுமா? அதேபோல, வர்ற வோல்ட் குறைஞ்சாலும் பேலஸ்ட்டுக்கு அதே 35 வாட் பல்புக்குக் கொடுத்தாகணும். அதனால கூடுதலா கரண்டை இழுக்கும். கரண்ட் கூடினா மெல்லிசு வயர்ல வோல்ட் இன்னும் விழும். விழுந்தா இன்னும் இழுக்கும். கந்துவட்டிக்காரன்கிட்ட மாட்டின கதைதான். சுமார் 9 வோல்ட்டுக்குக் கீழே போனா பேலஸ்ட் தன்னைத்தானே நிறுத்திக்கும். நின்னதும் வயர்ல லோடு இல்லை, வோல்ட் ஏறும், திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப விழும். நம்ம கண்ணுக்குத் தெரியற சிமிட்டல் இதுதான். அதுவும் போட்ட முதல் சில செகண்ட்ல, பல்பு சூடாகிற வரைக்கும், ஒவ்வொரு பேலஸ்ட்டும் வழக்கத்தைவிட ரெண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். கம்பெனி வயரைப் போட்டது 55 வாட் ஹாலோஜனைக் கணக்குப் பண்ணி. இந்த இழுவையை யாரும் கணக்குல எடுத்ததே இல்லை.

அப்போ எங்கே பார்க்கணும்? காசு செலவில்லாத இடத்துலதான் ஆரம்பிக்கணும். முதல்ல ஒரு நாள் சும்மா கவனிங்க. ரெண்டு லைட்டும் சேர்ந்து சிமிட்டுதுன்னா, பிரச்சினை ரெண்டுக்கும் பொதுவான இடத்துல, அதாவது சப்ளை பக்கம். ஒரு பக்கம் மட்டும்னா அந்தப் பக்கத்துப் பல்பு, பேலஸ்ட், கனெக்டர், எர்த். போட்டதும் சிமிட்டி அப்புறம் நின்னுடுதுன்னா ஆரம்ப இழுவையை வயர் தாங்கலை. பள்ளத்துல இறங்கறப்போ மட்டும்னா லூஸ் கனெக்ஷன். ஏசி, வைப்பர் போட்டா மட்டும்னா வோல்ட் விழுது. வெளிச்சம் இளஞ்சிவப்பா, ஊதாவா மாறி அணைஞ்சு அணைஞ்சு வருதுன்னா பல்புக்கு ஆயுசு முடியுதுன்னு அர்த்தம்.

ஒரு பக்கம் மட்டும் சிமிட்டினா, இடது பல்பை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாத்துங்க. கோளாறு பல்போட கூடவே போச்சுன்னா பல்புதான். போகலைன்னா பேலஸ்ட்டை மாத்திப் பாருங்க. அப்பவும் அதே பக்கம்தான்னா வயர், எர்த். ஒரு ரூபாய் செலவில்லை, அரை மணி நேரம் போதும். இதை ஒரு கடையிலும் எனக்குப் பண்ணிக் காட்டலை. நானும் கேட்கலை, அதையும் சொல்லணும். (ஒரு எச்சரிக்கை: 20,000 வோல்ட்னு சொன்னேன் இல்லையா? லைட் ஆன்ல இருக்கறப்போ பல்பு பக்கத்து வயரைத் தொடவே கூடாது. லைட்டை ஆஃப் பண்ணி, பேட்டரி நெகடிவைக் கழட்டி, பத்து நிமிஷம் விட்டுட்டு அப்புறம் கை வைங்க. பல்போட கண்ணாடியை வெறும் விரலால தொடாதீங்க. பயமா இருந்தா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பக்கத்துல நின்னு "மாத்திப் போட்டுப் பாருங்கண்ணே"ன்னு கேளுங்க.)

அடுத்தது எர்த். பேலஸ்ட்டோட கறுப்பு வயரை வண்டி பாடியில ஒரு போல்ட்ல முடிஞ்சிருப்பாங்க. என் வண்டியில அது பெயின்ட் மேலேயே முடிஞ்சிருந்தது. அதுக்கு மேல ரெண்டு ஐப்பசி மழை. துரு பிடிச்சுப் பொரியல் கடுகு மாதிரி உதிருது. உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச பிறகு இறுக்கினேன். செலவு இருபது ரூபாய்.

அதுக்கப்புறம்தான் மல்டிமீட்டர். முன்னூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது. இன்ஜின் ஆஃப்ல பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்கணும். ஓடறப்போ 13.8-லிருந்து 14.4 வரைக்கும். இந்த ரெண்டும் சரியா இருந்தா பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் குத்தம் சொல்றவங்களை நம்பாதீங்க. அப்புறம் லைட்டைப் போட்டுட்டு, பேலஸ்ட்டுக்கு உள்ளே போற 12 வோல்ட் பக்கத்து பிளக்ல அளந்து பாருங்க. பேட்டரிக்கும் இதுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. எனக்கு பேட்டரியில 14.0, பேலஸ்ட்டில 12.1. போட்ட உடனே பார்த்தா 10-க்கும் கீழே தொட்டுட்டு வருது. எர்த்தைத் தேய்ச்ச பிறகு 13 ஆச்சு. மிச்சம் 1 வோல்ட்டை ஸ்விட்ச் வழியா சுத்தி வர்ற அந்த மெல்லிசு வயர் தின்னுக்கிட்டு இருந்தது.

அதுக்கு மருந்து ரிலே வயரிங். பேட்டரியிலிருந்து தடிமனான வயர், ஒரு ஃப்யூஸ், ஒரு ரிலே. பழைய ஹெட்லைட் வயர் ரிலேவுக்கு "எரி, அணை"ன்னு சிக்னல் மட்டும் கொடுக்கும். எதையும் வெட்டாம அப்படியே பிளக்ல சொருகற செட்டா கிடைக்குது. எனக்கு 750 ரூபாய் ஆச்சு. பேலஸ்ட் பிளக்ல 13.7 வோல்ட். சிமிட்டல் நின்னுடுச்சு, மொத்தமா.

டீகோடர் பத்தி ஒரு வார்த்தை. சில கார்கள்ல, முக்கியமா ஐரோப்பியக் கம்பெனி வண்டிகள்ல, கம்ப்யூட்டரே ஹெட்லைட் கரண்டை வேகமா விட்டு விட்டுத்தான் கொடுக்கும், பல்பு ஃப்யூஸ் போச்சான்னு சோதிச்சுக்கிட்டே இருக்கும். அங்கே பேலஸ்ட் குழம்பும். அங்கேதான் டீகோடர் தேவை. என் மாதிரி பழைய சின்ன ஹேட்ச்பேக்ல அதுக்கு வேலையே இல்லை. 1,400 ரூபாய் சும்மா பானட்டுக்குள்ள தொங்கிக்கிட்டு இருந்தது.

ஆக, பழுது பார்த்தாச்சு. ஆனா நான் எதைச் சொல்ல உட்கார்ந்தேனோ அது இனிமேதான். சிமிட்டல் நின்ன அடுத்த வாரமே அந்த ஜெனான் செட்டைக் கழட்டிட்டேன்.

அந்தப் பெரியவர் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நம்ம ஊர்ல நிறைய வண்டியில இருக்கிறது எச்4 ஹாலோஜன். அதுல லோ பீம் இழைக்கு அடியில சின்னதா ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேல போகாம ரோட்டை மட்டும் பார்க்கணும்கிறதுக்காக. பின்னாடி இருக்கிற ரிஃப்ளெக்டரோட ஒவ்வொரு வளைவும், இழை இத்தனை மில்லிமீட்டர்ல இருக்கும்னு கணக்குப் பண்ணி வார்த்தது. அந்த இடத்துல வேற நீளம், வேற உருவம் உள்ள மின்வில்லைக் கொண்டு வெச்சா வெளிச்சம் கண்ட பக்கமும் சிதறும். எச்4 லோ பீம் சுமார் 1,000 லூமன். 35 வாட் ஜெனான் 3,000-க்கும் மேல. மூணு மடங்கு வெளிச்சம், எங்கே போகுதுன்னு கட்டுப்பாடு இல்லாம. எதிர்ல டூ வீலர்ல வர்றவருக்கு அது வெள்ளைச் சுவர்.

ஜெனானே கெட்டதுன்னு சொல்லலை. 1991-ல பி.எம்.டபிள்யூ. 7 சீரிஸ்ல முதன்முதலா வந்தப்போ அதுக்குன்னே விளக்கு வடிவமைச்சாங்க. ஐரோப்பாவுல 2,000 லூமனுக்கு மேல போற பல்புன்னா தானா மேல கீழ சரி பண்ணிக்கிற வசதியும், விளக்குக் கண்ணாடியைக் கழுவற வசதியும் வேணும்னு விதியே போட்டாங்க. அந்த மொத்த ஏற்பாட்டுல பல்பு ஒரு பாகம்தான். நாம அந்த ஒரு பாகத்தை மட்டும் 2,500, 3,000-க்கு வாங்கி மாட்டிட்டு "அப்கிரேட்"ங்கிறோம்.

சட்டத்தையும் பார்த்துடுங்க. மத்திய மோட்டார் வாகன விதி 106: 8 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்துல கண் இருக்கிற ஒருத்தருக்குக் கூசாத மாதிரி வெளிச்சம் கீழே இறங்கியிருக்கணும்னு சொல்லுது. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறதைத் தடுக்குது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ, அனுமதி இல்லாம பாகங்களை மாத்தின ஓனருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும்னு சொல்லுது. ஒரு மாற்றத்துக்கு, கவனிங்க. நம்ம போலீஸ்காரங்க நிறுத்தி ஹெட்லைட் நடுவுல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பறது கருணை.

இன்சூரன்ஸ்தான் எனக்கு இன்னும் பெரிய பயம். கம்பெனி பொருத்தாத எலக்ட்ரிக்கல் சாமானைப் பாலிசியில தனியா சொல்லணும், மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம்னு பழைய இந்தியா மோட்டார் டாரிஃபிலேயே இருக்கு. ஜெனான் மாட்டினவங்க யாராவது சொல்லியிருக்கீங்களா? நான் சொல்லலை. நாளைக்கு வயரிங்ல தீப்பிடிச்சு க்ளெய்ம் போனா, சர்வேயர் பானட்டைத் திறந்ததும் முதல்ல பார்க்கிறது அந்தத் தொங்கற பேலஸ்ட்டைத்தான். மறுப்பாங்களா, குறைப்பாங்களா, தருவாங்களாங்கிறது ஒவ்வொரு கேஸுக்கும் மாறும். ஆனா மறுக்கிறதுக்குக் காரணத்தை நாமே வயர் போட்டுக் கொடுத்திருக்கோம்.

"அதெல்லாம் சரி, ஹாலோஜன்ல ரோடே தெரியலையே, அதனாலதானே மாட்டறோம்?" நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஜெனானைக் கழட்டிட்டு, அந்த 750 ரூபாய் ரிலே வயரிங்கை மட்டும் விட்டுட்டு, 500 ரூபாய்க்கு நல்ல கம்பெனி 60/55 வாட் எச்4 பல்பு ஜோடி மாட்டினேன். அசந்துட்டேன். ஹாலோஜன்ல வோல்ட் 10 சதவீதம் விழுந்தா வெளிச்சம் சுமார் 30 சதவீதம் விழும். அதே மெல்லிசு வயர், அதே துருப்பிடிச்ச எர்த், இத்தனை வருஷமா ஹாலோஜனோட வெளிச்சத்தையும் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. பழைய ஓனர் குறையைப் பல்புல தேடினார். குறை வயர்ல இருந்தது. அவரும் காசு போட்டார், நானும் காசு போட்டேன்.

கூடவே மஞ்சளாகிப் போன ஹெட்லைட் கண்ணாடியை பாலிஷ் பண்ண 400 ரூபாய். மொத்தம் 1,650. வண்டி வாரண்டியில இருந்தா ரிலே போடறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல கேட்டுக்கோங்க. தயவுசெஞ்சு "100/90 வாட் போட்டா இன்னும் தூக்கும்"னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. அதுவும் சட்டப்படி தப்பு, ஹோல்டரும் உருகும்.

அம்மாகிட்ட இதையெல்லாம் பெருமையா சொன்னேன். கேட்டராக்ட் ஆபரேஷன் பண்ணின கண்ணு அவங்களுக்கு, ராத்திரி எதிர் வண்டி லைட்டுன்னா முகத்தைத் திருப்பிக்குவாங்க. "கண்ணைப் பறிகொடுத்த மகானைச் சேவிச்சுட்டு வந்து, அடுத்தவங்க கண்ணைக் குத்தற லைட்டைப் போட்டுக்கிட்டு வந்தோமேடா"ன்னாங்க. நான் 9,500 ரூபாயைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்.

கடைசியா செலவே இல்லாத ஒரு வேலை. பல்பு மாத்தின பிறகு சமதளத்துல, சுவருக்கு எதிர்ல ஏழெட்டு மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்க. ஹெட்லைட் நடுப்பகுதியோட உயரத்தை அளந்து சுவர்ல சாக்பீஸால கோடு போடுங்க. லோ பீம் வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கணும். ஏறியிருந்தா விளக்குக்குப் பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி இறக்குங்க. நிறைய கார்ல ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3-னு ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். பின் சீட்டுலயும் டிக்கியிலயும் பாரம் ஏறினா முன்பக்கம் தூக்கும், லைட்டும் தூக்கும். அப்போ அந்தச் சக்கரத்தைத் திருப்பணும். தை அஸ்தத்தன்னைக்குப் பின் சீட்டுல அம்மா, சித்தி, டிக்கியில அரிசி மூட்டை. என் சக்கரம் 0-லதான் இருந்தது.